என் வண்டியின் பின்சீட்டு

வண்டி என் பெயரில் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் எங்கள் குப்பத்தில் பாதிப் பேர் அதை என் மருமகனின் வண்டி என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். இப்போதும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் வண்டிப் புத்தகத்தில் என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவேன். என் வீட்டுக்காரர் ஓட்டிய மோட்டார் சைக்கிள். அவர் போன பிறகு என் பெயருக்கு மாற்றப் போனேன். ஓட்டத் தெரியாத கிழவிக்கு எதற்கு வண்டி என்று ஆபீசில் ஒருவன் கேட்டான். உட்காரத் தெரியும் என்றேன்.

உட்காருவது லேசான காரியம் இல்லை. காலையில் எங்கள் கரைக்கு வரும் ஃபைபர் படகுகளில் மீன் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் அடுக்கி, ஐஸ் தூவி, அதை மடியில் வைத்துக்கொண்டு எண்ணூர் மார்க்கெட் வரைக்கும் ஒருபக்கமாக உட்கார்ந்து போவேன். வலது கை கூடையில். இடது கை வண்டியின் பின்னால் இருக்கும் பிடியில். கால் இரண்டும், புடவை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் புடவைக் கம்பிக்குக் கீழே இருக்கும் தகட்டில். கூடையை வண்டியில் கட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்பார்கள். அந்தச் சாலையின் குலுக்கலில் கட்டிவைத்த மீன் எண்ணூர் போய்ச் சேருவதற்குள் குழம்புக்கு அரைத்த மாதிரி ஆகிவிடும். மடியில் வைத்தால் குலுக்கலை என் இடுப்பு வாங்கிக்கொள்ளும். மீனுக்கு ஒன்றும் ஆகாது. இடுப்புக்கு ஆனது.

ஷேர் ஆட்டோக்காரன் கூடையைப் பார்த்ததும் வேகமெடுப்பான். பஸ்ஸில் கண்டக்டர் இறங்கு என்பான். ஆக, வண்டி இல்லாவிட்டால் வியாபாரம் இல்லை. மார்க்கெட்டில் சுவரோரமாக எனக்கு ஒரு இடம் இருக்கிறது. நான்கு நாள் போகாமல் இருந்தால் ஐந்தாம் நாள் அங்கே வேறொருத்தி பலகை போட்டிருப்பாள். நானும் அப்படித்தான் ஒருகாலத்தில் அந்த இடத்தைப் பிடித்தேன், அதனால் எனக்குத் தெரியும். என் மகளுக்கு நான் போவதே பிடிக்கவில்லை. "வயசாவலையா உனுக்கு? வூட்ல குந்துமா" என்று தினம் ஒரு தடவை சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வீட்டில் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷத்தில் அவர்களை மற்றவர்கள் தூக்கி உட்காரவைக்க வேண்டியதாகிவிடும்.

வண்டியை ஓட்டுவது மருமகன். வியாசர்பாடிக்காரர். மகள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டது. எண்ணூர் போகும் வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டரில் பெட்டி நம்பர் தட்டும் வேலை. என்னை மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து வேலைக்குப் போவார். அவரை நான் "நீங்க" என்றுதான் பேசுவேன். மரியாதைக்காக என்று ஊர் நினைக்கிறது. தூரத்துக்காக. எங்கள் குப்பத்தில் மாமியார்க்காரி மருமகன் எதிரில் வந்தால் ஒதுங்கி நிற்பாள். அவன் மேல் விரல் படாது. அப்படிப்பட்டவள் ஒரு ஆண்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் தினம் ஏறி உட்கார்ந்து போகிறேன் என்றால், அந்தப் பின்பிடி இருந்ததால்தான். இரும்பைப் பிடித்துக்கொண்டு போகிறவளை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை ராயபுரம் பக்கம் கொண்டுபோய் ஏதோ ஒரு கடையில் விட்டு, சாயங்காலம் திரும்பி வந்தார்.  நீளமாக, பாய் விரித்த மாதிரி இருந்த என் சீட்டைக் காணவில்லை. அதற்குப் பதில் இரண்டு துண்டு. முன்னால் ஒன்று பள்ளமாக, பின்னால் ஒன்று மேடாக, வழுக்குப்பாறை மாதிரி முன்பக்கம் சரிந்து. ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பில் தையல். பின்பிடி இல்லை. புடவைக் கம்பி இல்லை. அது இருந்த இடத்தில் பின்சக்கரம் அம்மணமாகத் தெரிந்தது.

"இன்னா மாப்ளே இது?"

"சீட்டு மாத்திக்கிறேன் அத்தே. ஓட்றதுக்கு சொகுசா கீது."

"ஓட்றதுக்கு. சரி. குந்தறதுக்கு? புடி எங்க?"

"இந்த சீட்டுக்கு புடி வராதாம்."

"பொடவ கம்பி?"

"கடக்காரன் அதையும் கயட்டிட்டான். இப்ப யாரும் வெக்கறது இல்லியாம்."

"யாரும்னா யாரு? பொடவ கட்டாதவளுங்களா?"

அவர் குனிந்து டயரைப் பார்த்தார். மாட்டிக்கொண்டால் அவர் டயரைத்தான் பார்ப்பார். உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்:

"அவரு தோள புடிச்சிக்கினு போயேம்மா. இன்னா இப்போ? வானம் இட்ஞ்சி உய்ந்துடுமா?"

நான் பெற்ற வாய் இப்படிப் பேசுகிறது.  என் பழைய சீட்டு எங்கே என்று கேட்டேன். கடையிலேயே கொடுத்துவிட்டாராம். என் வண்டி, என் சீட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் கூடையோடு ஏறினேன். இடது கை பழக்கத்தில் பின்னால் போய்ப் போய்க் காற்றைப் பிடித்தது. எண்ணூர் சாலையைப் பற்றி அழகாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் கல்லைக் கொட்டிக் கடலைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். மறுபக்கம் டிரெய்லர் லாரிகள் வரிசையாக, சாணி போடும் மாடுகள் மாதிரி புகையும் ஆயிலும் விட்டுக்கொண்டு நிற்கும். டிரைவர்கள் ஜன்னல் வழியாகத் துப்புவார்கள். காற்று அதைக் கொண்டுவந்து கொடுக்கும். சாம்பல் பல்லில் நறநறக்கும். ஒரு இடத்தில் கெட்டுப்போன முட்டை நாற்றம், அடுத்த இடத்தில் மண்ணெண்ணெய் நாற்றம், அதற்கும் அடுத்த இடத்தில் என்னவென்றே தெரியாத ஒன்று மூக்கில் ஊசியாகக் குத்தும். கலீஜ். அந்தச் சாலைக்கு வேறு வார்த்தை இல்லை.

எர்ணாவூர் தாண்டியதும் ஒரு லாரி திடீரென்று திரும்ப, மருமகன் பிரேக் போட்டார். அந்த வழுக்குப்பாறையில் நான் சறுக்கிக்கொண்டு போய் அவர் முதுகில் மோதினேன். என் மூஞ்சி அவர் சட்டையில். கூடையிலிருந்த தண்ணீர் எங்கள் நடுவில். இந்த வயதில், நடுச்சாலையில், மருமகன் முதுகில். பக்கத்து லாரியில் இருந்தவன் பார்த்துச் சிரித்தான். நான் இறங்குகிறேன் என்றேன். "இன்னும் ரெண்டு நிமிஷம் அத்தே" என்று அவர் ஓட்டிக்கொண்டே போனார். மார்க்கெட் வரும்வரை கூடையை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சுவர் மாதிரி நிறுத்திப் பிடித்துக்கொண்டு போனேன். இடுப்பு வலியில் உயிர் போனது. சாயங்காலம் மகள் தைலம் தேய்த்துக்கொண்டே, "இதோட உட்டுடுமா" என்றாள். இப்படியே இன்னும் ஒரு வாரம் போனால் நானே விட்டுவிடுவேன் என்று எனக்கும் தெரிந்தது. அதுதான் எரிச்சல்.

நானே சரிசெய்கிறேன் என்று திருவொற்றியூர் பெரிய தெருப் பக்கம் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். வாயில் மாணிக்சந்த் பாக்கு மாதிரி எதையோ அடக்கிக்கொண்டு, ஒரு என்ஜினைப் பிரித்துத் தரையில் குடல் மாதிரி பரப்பிவைத்திருந்தான். என் காலுக்கு ஒரு சாண் தள்ளித் துப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"பொடவ கம்பியா? அதெல்லாம் இப்ப ஏது ஆயா? ரெண்டு பக்கமும் கால போட்டு ஷோக்கா குந்து."

"உங்க ஆயாவ அப்டி குந்த வெச்சி இஸ்துகினு போயிக்கிறியா நீ?"

"எங்க ஆயா செத்துப் போச்சி."

"பொயச்சா மவராசி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். என் தம்பி காசிமேட்டில் லாஞ்சி என்று நாங்கள் சொல்லும் விசைப்படகுகளுக்கு வெல்டிங் செய்பவன். படகின் ஓரத்தில் ஆள் விழாமல் இருக்கக் கம்பி கட்டுவதும், நங்கூரம் பற்றவைப்பதும் அவன் வேலை. இரும்பு வேலை என்றால் எங்களுக்குப் படகு வேலைதான். மோட்டார் சைக்கிள் என்ன, படகைவிடப் பெரிதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகன் தூங்கிக்கொண்டிருந்தபோது தம்பி வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

"எப்டி வோணும்க்கா?"

"ஆடக் கூடாது. ஒடையக் கூடாது. உப்புக்காத்துல துருப்புடிக்கக் கூடாது."

"பொயலே அட்ச்சாலும் நிக்கும் போ" என்றான்.

புயலடித்தாலும் நிற்கும்படிதான் செய்தான். பின்னால் படகுக்குப் போடும் குழாயில் வளைத்து ஒரு பிடி. இடது பக்கம் நங்கூரத்துக்கு வாங்கின தடிக் கம்பியில் ஒரு புடவைக் கம்பி. அதற்குக் கீழே கால் வைக்க, படகுத் தளத்துக்குப் போடும் புள்ளி போட்ட இரும்புத் தகடு. உட்கார்ந்து பார்த்தேன். அசையவில்லை. மனசு நிறைந்துவிட்டது. மருமகன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அத்தே, இது வண்டியா லாஞ்சியா?"

"உங்க கடக்காரன் கயட்டினத எங்க ஆளு மாட்டிக்கிறான். அவ்ளதான்."

"லெப்ட்ல இஸ்துகினே போவுது அத்தே."

"கெட்டியா புடிச்சி ஓட்டுங்க."

இரண்டு நாள் ஓடியது. அவர் உடம்பை வலது பக்கம் சாய்த்துச் சாய்த்து ஓட்டினார். சைடு ஸ்டாண்டு வளைந்துவிட்டதால் நிறுத்தும்போதெல்லாம் அடியில் ஒரு செங்கல் வைக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள், அவருடைய யார்டுக்குக் கொஞ்சம் முன்னால், சாலைப் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பின்னால் டிங் டிங் என்று சத்தம் வந்தது. பின்சக்கரத்தில் இடதுபக்க ஆரக்கம்பிகள் வரிசையாக அறுந்துவிட்டன. சக்கரம் கோணிக்கொண்டு நின்றது. மருமகன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு யார்டு வாசலுக்கு வந்து, என்னை வாட்ச்மேன் அறையில் உட்காரவைத்தார்.

"ரவ நேரம் குந்துங்க அத்தே. உங்களுக்கு ஒரு ஆட்டோ பாக்கறேன்."

வாட்ச்மேன் வயதானவர். பிளாஸ்டிக் நாற்காலியைக் கொடுத்தார். அன்னக்கூடையை என் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் எழுந்து போய் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரத்தில் சொருகினார். காலை நேரத்தில் சாமி கும்பிடுகிற மனிதர், நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அறையில் சாமிப் படம் எங்கே என்று தேடினேன். படம் எதுவும் இல்லை. அவர் தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளியே காற்று வரும் பக்கமாகப் போய் உட்கார்ந்தார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மருமகன் கூட வேலை செய்யும் இரண்டு பேர் வந்தார்கள். நான் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"மாமு, வந்துட்டியா? கண்ண மூடிக்கினு இருந்தேன், நீ வந்தது தெர்ஞ்சிடுச்சி."

"இன்னிக்கி இன்னா மீனு? சங்கராவா, வவ்வாலா?"

"ஏசி ரூமுக்குள்ள வர்றதுக்கு மின்னாடி மாத்திக்கினு வா மாமு. நேத்தே மேனேஜர் எலி செத்துக் கீதான்னு கேட்டாரு."

மருமகன் சிரித்தார். "வயி உடு மச்சான்" என்றார். வண்டியின் முன்னால் எப்போதும் ஒரு துணிப்பை தொங்கும். மதியச் சாப்பாட்டுப் பை என்று நினைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு தண்ணீர் டாங்கிக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது வேறு பேண்ட் போட்டிருந்தார். காலையில் போட்டிருந்ததைச் சுருட்டிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவர் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டார். தினமும் செய்கிறவனின் கை வேகம் அது.

அப்போது எனக்கு அந்த இரண்டு துண்டு சீட்டு விளங்கியது. பழைய நீளச் சீட்டில் என் கூடைத் தண்ணீர் சிந்தினால், பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் ஓடி அவருக்கு அடியில் தேங்கும். இரண்டு துண்டாக இருந்தால் நடு இடைவெளியில் கீழே போய்விடும். சொகுசு என்று அவர் சொன்னது இதுதான். ஆனால் பின்துண்டின் சரிவில் தண்ணீர் அந்த இடைவெளியையும் தாண்டி அவர் மேல்தான் சிந்தியிருக்கிறது. மாமியார்க்காரியிடம் உன் தண்ணீர் நாறுகிறது என்று சொல்ல வாய் வராமல், போய்ச் சீட்டை மாற்றிவிட்டு வந்து டயரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

முதலில் கோபம்தான் வந்தது. மீன் வாசனை என்ன கேவலமா? அதில்தான் அவன் பெண்டாட்டி வளர்ந்தாள். அந்தச் சாலை முழுக்க ஊரான் மூச்சில் விஷம் விடுகிறான், அதற்கு யாரும் ஊதுபத்தி கொளுத்தவில்லை. இந்தக் கிழவி கூடைக்குக் கொளுத்துகிறார்கள். இப்படியெல்லாம் ஆட்டோவில் போகும்போது எனக்குள்ளேயே சண்டை போட்டேன். மார்க்கெட்டில் என் இடத்தில் உட்கார்ந்ததும், யாரும் பார்க்காதபோது புடவை முந்தானையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி வைத்தேன். பக்கத்தில் நண்டு விற்கிறவளிடம், "என் மேல நாத்தம் அடிக்கிதாடி?" என்றேன். அவள் நன்றாக மோந்து பார்த்துவிட்டு, "இல்லியேக்கா" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்?

ஊரையெல்லாம் கலீஜ் கலீஜ் என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நான். என் மூக்குக்கு என்னைத் தவிர எல்லாம் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு என் மேலேயே எனக்கு வந்த அருவருப்பு மாதிரி அந்தச் சாலை மேல்கூட வந்ததில்லை. மீனைத் துண்டு போடாமல் அரை நாள் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். மீன் கேட்டு வந்தவர்களிடம் விலையைக்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

சக்கரத்துக்குப் புதுக் கம்பி கட்டி வருவதற்கு மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளில் தம்பியைக் கூப்பிட்டேன்.

"நங்கூரத்த கயட்டு."

"இன்னாக்கா, நீதான ஆடக் கூடாதுன்ன?"

"நீ வண்டிய கரையோட கட்டிட்டடா. கயட்டு."

பழைய சாமான் கடையில் இதே மாதிரி வண்டியின் பிடியும் புடவைக் கம்பியும் தேடி எடுத்து வந்தான். துருவைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தான். சீட்டு இரண்டு துண்டாகவே இருக்கட்டும் என்றேன். பின்துண்டின் சரிவை மட்டும் எடுத்து மட்டமாக்கச் சொன்னேன். உள்ளே இருந்த ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பார்த்தால், பத்து நாளில் அது என் தண்ணீரைக் குடித்துக் கறுத்திருந்தது. அதைத் தொடவே கூசியது. ஸ்பாஞ்சே வேண்டாம் என்று சொல்லி, கிழிந்துபோன நைலான் வலையை மடித்து மடித்துத் திணிக்கச் சொன்னேன். வலைக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது. உள்ளே போனதை அப்படியே விட்டுவிடும். அடித்தகட்டில் நான்கு ஓட்டை. மேலே ரெக்ஸின். தம்பி உட்கார்ந்து பார்த்து, "மெத்த மாதிரி கீதுக்கா" என்றான். மெத்தை மாதிரி இல்லை. ஆனால் இடுப்பு ஏற்றுக்கொண்டது.

கடைசியாக ஒன்று செய்தேன். அதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டம். அன்னக்கூடையை வீட்டில் வைத்துவிட்டு, வீடு வெள்ளையடிப்பவர்கள் தூக்கிப் போட்ட பெயிண்ட் பக்கெட் ஒன்றைக் கழுவி எடுத்தேன். மூடி இறுக்கமாக இருக்கும். மீனையும் ஐஸையும் போட்டு மூடினால் சொட்டுக்கூட வெளியே வராது. மீன்காரி என்றால் கூடை. பக்கெட் தூக்குகிறவளை மேஸ்திரி கூட்டத்தில்தான் சேர்ப்பார்கள். மார்க்கெட்டில் முதல் நாள் நண்டுக்காரி கேட்டாள்: "இன்னாக்கா, செவுத்துக்கு சுண்ணாம்பு அடிக்க வந்தியா?"  மீனை எடுத்துப் பலகையில் வைத்தேன். கூடையில் வந்ததைவிட மினுமினுப்பாக இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நாலைந்து நாள் போனது. இடது கை பிடியில், வலது கை பக்கெட் மேல். மருமகனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. துணிப்பை மட்டும் முன்னால் தொங்கிக்கொண்டே வந்தது. கிளம்பும்போது ஒருநாள் கேட்டேன்.

"அந்த பையில இன்னா மாப்ளே?"

டயரைப் பார்த்தார். "மய கோட்டு அத்தே."

வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை.

"மய வராது. வூட்லயே வெச்சிட்டு வாங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சீட்டின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெறுங்கையோடு வந்து வண்டியை எடுத்தார்.  லாரிக்காரன் துப்பினான், சாம்பல் பறந்தது, முட்டை நாற்றம் அதன் இடத்தில் அப்படியே இருந்தது.

சாயங்காலம் அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரத்தில் வாசலில் நின்றேன். காலையில் போட்டுக்கொண்டு போன அதே பேண்ட். முழங்காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கிரீஸ் கறை.

"கலீஜா கீது பாருங்க, இன்னா மாப்ளே இது" என்றேன்.

"செயினுக்கு ஆயில் உட்டேன் அத்தே" என்றார்.

"கயட்டி குடுங்க. சோப்பு போட்டு வெக்கறேன்."

மகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.  கிரீஸ் அவ்வளவு சுலபத்தில் போகாது. மண்ணெண்ணெய் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கறை பரவியது. மறுநாள் மீன் எடுக்கக் கரைக்குப் போனபோது கை முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். அதை மட்டும் என் மூக்கு நன்றாகக் கண்டுபிடித்தது.